ஆங்கிலத்தில் 'கொஞ்ச நாள்' என்று எழுதுவது எப்படி?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்துப் புத்தகக் கடைகளில் விற்கும் ஆங்கிலப் பயிற்சிக் கையேடுகளிலும் ரியூட்டறிகளில் கொடுக்கும் தாள்களிலும் காலத்தைக் குறிக்கும் ஆங்கிலத் தொடர்கள் இரண்டு நிரலாக அச்சடிக்கப்பட்டிருக்கின்றன. இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். 'ஃபோர் எ வைல்' என்றால் சிறிது நேரம். 'இன் எ வைல்' என்றாலும் சிறிது நேரம். 'ஆஃப்ரர் எ வைல்' என்றாலும் ஏறக்குறைய அதுதான். மூன்றுக்கும் ஒரே பொருளைப் பாடமாக்கிய பிள்ளை, சோதனைத் தாளில் வெற்றிடம் நிரப்பும்போது எதை எங்கே போடுவது என்று தெரியாமல் நிற்கிறது. சொல்லவேண்டியதில் பாதியை அந்த நிரல் சொல்லாமல் விட்டுவிட்டது. இந்த முறையை மாற்றவேண்டும் என்று கேட்டே இதை எழுதுகிறோம்.

மணியும் திகதியும் தெரிந்த இடங்களில் நமது மாணவர்கள் அதிகம் பிழைவிடுவதில்லை. எட்டு மணிக்கு 'அற்', திங்கட்கிழமைக்கு 'ஒன்', வருடத்துக்கு 'இன்' என்பது சாதாரண தரத்துக்கு முன்பே கைவந்துவிடுகிறது. நாள் குறிக்காத காலத்தைச் சொல்லும்போதுதான் வசனம் உடைகிறது. 1987 இல் வந்த 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை இந்த நாட்டின் இணைப்பு மொழியாக்கியது. கொழும்பில் இருக்கும் வங்கித் தலைமையகம், காப்புறுதிக் கம்பனி, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், தூதரகம் என்று நமது ஆட்கள் கடிதம் எழுதவேண்டிய இடங்கள் பலவற்றோடு ஆங்கிலத்தில்தான் தொடர்பு நடக்கிறது. அங்கே ஒரு காலத்தொடர் பிழைத்தால் புள்ளி குறைவதோடு விடயம் முடிவதில்லை. எப்போது அனுப்பினீர்கள், எப்போது வருவீர்கள் என்பதே எதிர்ப்பக்கத்துக்குப் பிழையாகப் போய்ச் சேரும்.

காரணத்தை முதலில் பார்ப்போம். நாம் கதைக்கும் தமிழில் 'கொஞ்ச நாள்' என்ற ஒரே சொல் நான்கு வேலை செய்கிறது. 'கொஞ்ச நாளாய் இருமல்' என்றால் இருமல் தொடங்கிவிட்டது, இன்றும் நிற்கவில்லை. 'கொஞ்ச நாளைக்கு முன்னம் வந்தவர்' என்றால் வந்துபோனது முடிந்த கதை. 'கொஞ்ச நாளிலை வருவார்' என்றால் இனித்தான். 'கொஞ்ச நாளைக்கு இனிப்புச் சாப்பிடாதேங்கோ' என்றால் இன்று தொடங்கி முன்னோக்கி நீளும் காலம். இந்த வேறுபாட்டையெல்லாம் சொல்லின் கடைசியில் ஒட்டும் உருபும் வினையும் பார்த்துக்கொள்கின்றன. ஆங்கிலத்தில் ஒட்டுவதற்கு உருபு இல்லை. முன்னால் வரும் 'ஃபோர்', 'இன்' அல்லது பின்னால் வரும் 'ஏகோ' அந்த வேலையைச் செய்கிறது. வினையும் அதற்கு ஏற்றபடி நிற்கவேண்டும்.

'நாளாய்' என்ற இடத்தில் 'ஃபோர் எ ஃபியூ டேஸ்' வரும், வினையில் 'ஹாவ்' சேரும். 'நாளைக்கு முன்னம்' என்பதற்கு 'எ ஃபியூ டேஸ் ஏகோ', வினை வெறும் இறந்தகாலம். 'நாளிலை' என்பதற்கு 'இன் எ ஃபியூ டேஸ்', வினை எதிர்காலம். கடைசியாகச் சொன்ன 'நாளைக்கு' என்பதற்கு மறுபடியும் 'ஃபோர் எ ஃபியூ டேஸ்', ஆனால் இம்முறை வினை எதிர்காலம் அல்லது ஏவல். முதலாவதும் நான்காவதும் ஒரே ஆங்கிலத் தொடர்தான், வினையை வைத்துத்தான் பிரிக்கலாம். இந்த நான்கையும் ஒரு பிள்ளை பிடித்துக்கொண்டால் மற்றவற்றில் பாதி தானாக விளங்கும்.

நமது ஊர்ப் பேச்சில் இன்னொரு சொல் இருக்கிறது: 'கிட்டடியிலை'. 'கிட்டடியிலை வந்திட்டுப் போனவர்' என்றும் சொல்கிறோம், 'கிட்டடியிலை வருவார்' என்றும் சொல்கிறோம். இன்றிலிருந்து தூரம் அதிகம் இல்லை என்பதை மட்டும் சொல் தருகிறது, எந்தப் பக்கம் என்பதை வினை தருகிறது. ஆங்கிலத்தில் இரு பக்கத்துக்கும் ஒரே சொல் கிடையாது. பின்பக்கம் 'ரீசன்ற்லி', முன்பக்கம் 'சூன்'. 'ஹி வில் கம் ரீசன்ற்லி' என்று எழுதும் பிள்ளை 'கிட்டடியிலை' என்பதற்கு அகராதியில் முதலில் கண்ட சொல்லைத் தூக்கிப் போட்டிருக்கிறது.

இனி ஒரு மாதிரிக் கடிதம். பல விண்ணப்பங்களில் காணப்படும் பிழைகளை ஒன்றுசேர்த்து நாங்களே அமைத்தது:

'ஐ ஹாட் சென்ற் மை செற்றிஃபிக்கேற்ஸ் பிஃபோர் ஃபியூ வீக்ஸ். சின்ஸ் லோங் ரைம் ஐ டிட் நொற் கெற் எனி ரிப்ளை. ப்ளீஸ் ரிப்ளை அற் தி ஏர்லியஸ்ற்.'

எழுதியவர் சொல்ல நினைத்தது தெளிவு: சில கிழமைகளுக்கு முன் சான்றிதழ்களை அனுப்பியிருந்தேன், கனகாலமாகப் பதில் இல்லை, கெதியாகப் பதில் தாருங்கள். மூன்று வசனத்திலும் தமிழ் அப்படியே கீழே கிடக்கிறது.

'பிஃபோர் ஃபியூ வீக்ஸ்' என்பதில் இரண்டு பிழை. 'முன்' என்ற தமிழ்ச் சொல் காலத்தின் அளவோடும் சேரும், ஒரு நிகழ்வோடும் சேரும்: இரண்டு கிழமைக்கு முன், சோதனைக்கு முன். ஆங்கில 'பிஃபோர்' தனக்குப் பின்னால் ஒரு நிகழ்வை அல்லது ஒரு நேரத்தை எதிர்பார்க்கும்: 'பிஃபோர் தி எக்ஸாம்', 'பிஃபோர் ஃப்ரைடே'. இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணுவதானால் 'ஏகோ'. வேறொரு நிகழ்விலிருந்து பின்னோக்கி எண்ணினால் 'பிஃபோர்' சரி, ஆனால் அளவு அதற்கு முன்னால் வரவேண்டும்: 'ரூ வீக்ஸ் பிஃபோர் தி எக்ஸாம்'. எதிலிருந்து எண்ணுகிறோம் என்று கேட்கப் பழகினால் இந்தப் பிழை ஓரிரு பாடங்களில் போய்விடும்.

இரண்டாவது பிழை சின்ன எழுத்தில் இருக்கிறது. 'எ ஃபியூ வீக்ஸ்' என்றால் சில கிழமைகள். 'எ' இல்லாமல் 'ஃபியூ வீக்ஸ்' என்றால் கிழமைகள் இல்லை என்கிற அளவுக்குக் குறைவு. 'ஃபியூ வீக்ஸ் ஆர் லெஃப்ற்' என்று எழுதினால் காலம் போதாது என்ற கவலை தொனிக்கும். 'எ ஃபியூ வீக்ஸ் ஆர் லெஃப்ற்' என்றால் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்ற ஆறுதல். தமிழில் இப்படி முன்னால் நிற்கும் ஓரெழுத்து இல்லாததால் பிள்ளைகள் அதை விட்டுவிடுகிறார்கள். பெரியவர்களும் விடுகிறார்கள். 'எ கபிள் ஒஃப் டேஸ்' என்பதிலும் 'எ' தேவை. அது கண்டிப்பாகப் பார்த்தால் இரண்டு நாள், பேச்சுவழக்கில் இரண்டு மூன்று நாள். அதனால் தவணைப் பணம் கட்டும் விடயத்தில் அதை எழுதக்கூடாது.

'ஐ ஹாட் சென்ற்' என்பது 'அனுப்பியிருந்தேன்' என்பதன் நேர்ப்பெயர்ப்பு. தமிழில் 'அனுப்பியிருந்தேன்' என்பது மரியாதையான இறந்தகாலமாகக் கடிதங்களில் பழகிவிட்டது. ஆங்கிலத்தில் 'ஹாட்' சேர்ந்த வினைக்கு இன்னொரு இறந்தகால நிகழ்வு துணை வேண்டும்: 'அலுவலகம் மூடப்பட்டபோது நான் ஏற்கெனவே அனுப்பியிருந்தேன்' என்பதுபோல. தனியே ஒரு செயலை மட்டும் சொல்லும்போது வெறும் 'ஐ சென்ற்' போதும். 'ஐ ஹாவ் சென்ற் இற் எ ஃபியூ வீக்ஸ் ஏகோ' என்பதும் பிழை. 'ஏகோ' வந்துவிட்டால் 'ஹாவ்' வரக்கூடாது. 'ஹாவ்' இன்றோடு கயிறு கட்டி நிற்கும் வினை, 'ஏகோ' அந்தக் கயிற்றை அறுத்து நேரத்தைப் பின்னால் வைத்துவிடும்.

'சின்ஸ் லோங் ரைம்' நமது பகுதியில் மிகவும் வேரூன்றிய பிழை. 'சின்ஸ்' என்பதற்குப் பின் தொடங்கிய புள்ளி வரவேண்டும்: 'சின்ஸ் மண்டே', 'சின்ஸ் தைப்பொங்கல்', 'சின்ஸ் 1974'. நீளத்துக்கு 'ஃபோர்': 'ஃபோர் எ லோங் ரைம்'. ஊர் உதாரணம் ஒன்று. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 1974 இல் தொடங்கிய பல்கலைக்கழக வளாகம் இன்றைக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாக அங்கேயே இருக்கிறது. ஆகவே 'இற் ஹாஸ் பீன் தெயர் ஃபோர் எ லோங் ரைம்', அல்லது 'சின்ஸ் 1974'. வட்டுக்கோட்டைச் செமினரி என்ற கல்விக்கூடம் 1823 இல் தொடங்கி 1855 இல் மூடப்பட்டது. அதற்கும் 'ஃபோர் எ லோங் ரைம்' வரும், ஆனால் வினையில் 'ஹாஸ்' வராது: 'இற் ரோற் இங்கிலிஷ் ஃபோர் எ லோங் ரைம்'. யாழ்ப்பாணத்துக்கான ரயில் 1990 இல் நின்று 2014 இல் மீண்டும் வந்தது. இடைப்பட்ட அந்தக் காலமும் முடிந்த காலம்: 'தெயர் வேர் நோ ரயின்ஸ் ஃபோர் எ லோங் ரைம்'. 'ஃபோர்' இரண்டு பக்கமும் போகும், 'சின்ஸ்' இன்றைத் தொடும் காலத்துக்கு 'ஹாவ்' வினையோடு வரும். மூன்று உதாரணத்தையும் கரும்பலகையில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டினால் நீண்ட விளக்கம் தேவைப்படாது.

மூன்றாவது வசனத்தில் இருக்கும் 'அற் தி ஏர்லியஸ்ற்' ஆபத்தானது. இலக்கணம் உறுத்தாததால் யாரும் திருத்துவதில்லை. தென்னாசிய அலுவலகக் கடிதங்களில் 'கெதியாக' என்ற பொருளில் இது புழங்குகிறது. ஆனால் பிரித்தானிய, அமெரிக்க வாசகருக்கு 'மண்டே அற் தி ஏர்லியஸ்ற்' என்றால் திங்கட்கிழமைக்கு முன் நடக்காது என்று பொருள். கடைசி எல்லையைச் சொல்ல 'மண்டே அற் தி லேற்றஸ்ற்' அல்லது சுருக்கமாக 'பை மண்டே'. திங்கட்கிழமைக்குள் பணம் வேண்டும் என்று நினைத்து முதலாவதை எழுதியவர், திங்களுக்கு முன் தரவேண்டாம் என்று சொன்னவராகிறார். வெறுமனே கெதியாக என்றால் 'அஸ் சூன் அஸ் பொசிபிள்' போதும்.

அந்தக் கடிதத்தைத் திருத்தி எழுதினால் இப்படி வரும்: 'ஐ சென்ற் மை செற்றிஃபிக்கேற்ஸ் எ ஃபியூ வீக்ஸ் ஏகோ. ஐ ஹாவ் நொற் ஹாட் எ ரிப்ளை யெற். ப்ளீஸ் ரிப்ளை அஸ் சூன் அஸ் பொசிபிள்.' இது பிழையற்ற ஆங்கிலம். ஆனாலும் நல்ல கடிதம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். அனுப்பிய திகதி பதிவுத்தபால் பற்றுச்சீட்டில் இருக்கும்போது 'எ ஃபியூ வீக்ஸ் ஏகோ' எதற்கு? 'ஒன் 3 மார்ச்' என்று போட்டால் எதிர்ப்பக்கத்துக்காரர் கோவையைத் தேடி எடுக்கலாம். திகதியையும் 03/04 என்று இலக்கத்தில் எழுதாமல் மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதவேண்டும். அமெரிக்காவில் மாதம் முன்னால் வரும், அங்கே அது மார்ச் 4, நமக்கு ஏப்ரல் 3.

எதிர்காலத்துக்கு வருவோம். 'இரண்டு கிழமை கழிச்சு வருவன்' என்பதை 'ஐ வில் கம் ஆஃப்ரர் ரூ வீக்ஸ்' என்று எழுதுகிறார்கள். அடித்துப்போடும் அளவுக்குப் பிழை என்று சொல்லமுடியாது. ஆனால் ஆங்கிலக் காதுக்கு இரண்டு கிழமை முடிந்த பிறகு எப்போதாவது என்று கேட்கலாம். இன்றிலிருந்து எண்ணி இரண்டு கிழமை முடிவில் என்றால் 'இன் ரூ வீக்ஸ்'. அதற்கு முதல் எந்த நாளிலும் என்றால் 'விதின் ரூ வீக்ஸ்'. கதை சொல்லும்போது, நடந்து முடிந்த ஒன்றுக்குப் பிறகு என்றால் 'ஆஃப்ரர் ரூ வீக்ஸ்' அழகாகப் பொருந்தும். இந்த 'இன்' நமது 'இல்' உருபோடு நன்றாகவே ஒத்துப்போகிறது. 'இரண்டு கிழமையிலை வருவார்', 'இரண்டு கிழமையிலை மதிலைக் கட்டி முடிச்சார்' என்று இரு பொருளிலும் நாம் சொல்வதுபோல ஆங்கிலத்திலும் இரண்டு பொருளுக்கும் 'இன் ரூ வீக்ஸ்' வரும்.

'பேந்து' என்று நாம் சொல்வதை 'ஆஃப்ரர்' என்று தனியாக நிறுத்துவதும் உண்டு: 'ஆஃப்ரர் ஐ வில் ரெல் யூ'. அங்கே வரவேண்டியது 'லேற்றர்'. 'ஆஃப்ரர்' தனக்குப் பின்னால் ஒரு பெயரையோ வசனத்தையோ கேட்கும்.

'வைல்' குடும்பத்தைப் பற்றித் தொடக்கத்தில் சொன்னோம். மேலே சொன்னதெல்லாம் அங்கேயும் செல்லும். 'ஃபோர் எ வைல்' நீளம். 'இன் எ வைல்' முன்னால் இருக்கும் ஒரு புள்ளி: 'ஐ வில் கோல் யூ இன் எ வைல்'. 'எ வைல் ஏகோ' பின்னால் இருக்கும் புள்ளி. 'ஆஃப்ரர் எ வைல்' கதையில் அடுத்த கட்டம். 'வன்ஸ் இன் எ வைல்' நமது 'எப்பவாவது ஒருநாள்'. 'ஐ ஹாவ்ன்ற் சீன் ஹிம் இன் எ வைல்' என்று கனடாவில் இருக்கும் உறவினர்கள் சொல்லக் கேட்கலாம், அங்கே அது 'ஃபோர் எ வைல்' என்பதற்குச் சமம். பெரும்பாலும் எதிர்மறை வசனத்தில்தான் இந்த வழக்கு வரும். மாணவர்கள் அங்கேயும் 'ஃபோர்' எழுதினால் எந்த நாட்டிலும் பிழையில்லை. 'குவைற் எ வைல்' என்றால் நல்ல நீளமான நேரம், 'எ லிற்றில் வைல்' என்றால் கொஞ்சம்.

'சம் ரைம்' இதைவிடக் குழப்பம் தருகிறது. இரண்டு சொல்லாகப் பிரித்து எழுதினால் கொஞ்சம் நீண்ட நேரம். ஒரே சொல்லாக எழுதினால் எப்போதோ ஒரு நேரம். கடைசியில் 'ஸ்' சேர்த்தால் இடைக்கிடை. பிரித்து எழுதும் 'சம் ரைம்' குறுகிய நேரத்தைக் குறிக்கும் என்று நமது ஆட்கள் நினைக்கிறார்கள். 'ப்ளீஸ் வெயிற் ஃபோர் சம் ரைம்' என்று வரவேற்பு மேசையில் சொன்னால், வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு நெடுநேரம் காக்கவேண்டும் என்று கேட்கும். ஐந்து நிமிடம் என்றால் 'எ லிற்றில் வைல்' அல்லது 'எ ஃபியூ மினிற்ஸ்'. எழுதும்போது பார்க்கும் வழி இது: அந்த இடத்தில் 'கனநேரம்' பொருந்தினால் பிரித்து எழுதுங்கள். 'ஏதோ ஒரு நேரம்' பொருந்தினால் சேர்த்து எழுதுங்கள். 'இடைக்கிடை' பொருந்தினால் 'ஸ்' போடுங்கள். வாசிக்கும்போதும் வித்தியாசம் உண்டு. சேர்ந்த சொல்லில் அழுத்தம் 'சம்' என்பதில் விழும், பிரிந்ததில் 'ரைம்' என்பதும் அழுத்தம் பெறும்.

சேர்ந்த 'சம்ரைம்' நமது விருந்தோம்பலுக்கு ஏற்ற சொல். 'ஒருக்கா வீட்டுப் பக்கம் வாங்கோ' என்பதை 'கம் வன்ஸ்' என்று சொன்னால் ஒரே ஒரு தடவைதான் வரலாம் என்ற எண்ணிக்கை வந்து நிற்கும். 'டு கம் ஓவர் சம்ரைம்' என்றால் அந்த 'ஒருக்கா'வின் இதமும் வரும், நாள் குறிக்காத தன்மையும் வரும்.

நாளைப் பற்றிய தொடர்களில் 'த அதர் டே' என்பதைக் கவனிக்கவேண்டும். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'மற்ற நாள்'. உண்மையில் அது 'அண்டைக்கொருநாள்', சில நாளுக்கு முன், வினை வெறும் இறந்தகாலம். 'ஐ வில் மீற் யூ த அதர் டே' என்று எதிர்காலத்தில் எழுதமுடியாது. அதற்கு 'சம் அதர் டே'. 'வன் டே' பின்னாலும் போகும் முன்னாலும் போகும், 'சம் டே' முன்னால் மட்டும். 'வன் ஒஃப் தீஸ் டேஸ்' என்றால் கெதியில் ஒருநாள். 'தீஸ் டேஸ்' என்றால் இந்த நாட்களில். ஆனால் அதற்கு முன்னால் 'இன்' போடக்கூடாது. 'இந்த நாட்களில்' என்பதன் 'இல்' உருபைப் பார்த்துப் பிள்ளைகள் 'இன் தீஸ் டேஸ்' என்று எழுதுகிறார்கள். பழைய காலத்துக்கு மட்டும் 'இன் தோஸ் டேஸ்'. இதற்கு நியாயம் தேடிப் பயனில்லை, வழக்கு அப்படி. 'நௌவடேஸ்' ஒரே சொல், மூன்றாகப் பிரித்து எழுதக்கூடாது.

'இன் நோ ரைம்', 'அற் நோ ரைம்' இரண்டிலும் 'நோ' இருப்பதால் இரண்டும் 'ஒருபோதும் இல்லை' என்று பாடமாக்கியவர்கள் உண்டு. முதலாவது கண்மூடித் திறக்கமுன் என்று பொருள். இரண்டாவதுதான் ஒருபோதும் இல்லை. அது வசனத்தின் தலையில் வந்தால் துணைவினை எழுவாய்க்கு முன் ஏறும்: 'அற் நோ ரைம் டிட் ஹி அக்றீ'. உயர்தர மாணவருக்கு இது பயன்படும்.

நாம் எழுதும் கடிதங்களை விட்டு, நமக்கு வரும் கடிதங்களைப் பார்ப்போம். 'இன் டியூ கோர்ஸ்' என்று ஒரு நிறுவனம் எழுதினால் உரிய காலத்தில் என்று பொருள். எது உரிய காலம் என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள், அதில் நாள் எதுவும் கிடையாது. 'ஷோற்லி' அதைவிடக் கிட்டடி, ஆனாலும் நாள் இல்லை. 'அன்ரில் ஃபர்தர் நோற்றிஸ்' என்பது நமக்குப் பழகிய 'மறு அறிவித்தல் வரை'. 'ஃபோர் த ரைம் பீயிங்' என்றால் இப்போதைக்கு, பின்னர் மாறலாம். இவற்றைக் கண்டதும் நாள் கிடைத்துவிட்டது என்று எண்ணிப் பயணத்தையோ கடனையோ திட்டமிடக்கூடாது. 'குட் யூ ப்ளீஸ் கிவ் மீ எ டேற்?' என்று ஒரு வசனம் எழுதிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அதேபோல, கடைப் படலையில் 'குளோஸ்ட் ஃபோர் சம் ரைம்' என்று தொங்கவிடுபவர், வாடிக்கையாளரை நெடுநாளைக்கு வரவேண்டாம் என்று அனுப்புகிறார். அரை மணித்தியாலத்தில் திரும்புவதானால் 'பக் அற் 2.30' என்று நேரத்தையே எழுதிவிடலாம்.

சில சொற்கள் நாட்டுக்கு நாடு பொருள் மாறும். நமது பிள்ளைகள் பல நாடுகளில் சிதறி இருப்பதால் இதையும் சொல்லவேண்டும். 'மொமன்ற்றரிலி' என்றால் பிரித்தானியாவில் ஒரு கணநேரம் மட்டும், வட அமெரிக்காவில் இன்னும் ஒரு கணத்தில். 'ஜஸ்ற் நௌ' என்பதை இப்பதான் என்ற பொருளில் நாம் சொல்கிறோம், தென்னாபிரிக்காவில் அது பிறகு, ஆறுதலாக என்று பொருள்படும். 'பிறசன்ற்லி' சிலருக்குத் தற்போது, சிலருக்குச் சற்று நேரத்தில். 'பைவீக்லி' கிழமைக்கு இரண்டு தரமாகவும் இருக்கலாம், இரண்டு கிழமைக்கு ஒருதரமாகவும் இருக்கலாம். கூட்ட அறிவித்தலில் அந்தச் சொல்லை அறவே தவிர்த்து 'எவ்ரி ரூ வீக்ஸ்' என்று எழுதுவது நல்லது. 'நெக்ஸ்ற் ஃப்ரைடே' என்பதும் அப்படித்தான். செவ்வாய்க்கிழமை அதைச் சொன்னால் வாற வெள்ளியா, அதற்கடுத்த வெள்ளியா என்பது ஆளுக்கு ஆள் மாறும். திகதியைச் சேர்த்துவிட்டால் பிரச்சினை இல்லை.

இவற்றைக் கற்பிக்கும் முறைக்கு வருகிறோம். இரண்டு நிரல் பட்டியலுக்குப் பதிலாகக் கரும்பலகையில் ஒரு நீண்ட கோடு கீறுங்கள். நடுவில் ஒரு குத்துக்கோடு போட்டு 'இப்ப' என்று எழுதுங்கள். இடப்பக்கம் நடந்தது, வலப்பக்கம் நடக்கப்போவது. புள்ளியைக் குறிக்கும் தொடருக்கு ஒரு பொட்டு, நீளத்தைக் குறிக்கும் தொடருக்குத் தடித்த கோடு, திரும்பத் திரும்ப என்றால் பொட்டுகளின் வரிசை. 'த அதர் டே' இடப்பக்கத்தில் குத்துக்கோட்டுக்குக் கிட்ட ஒரு பொட்டு. 'ஃபோர் சம் ரைம்' 'ஹாவ்' வினையோடு வந்தால் இடப்பக்கத்தில் தொடங்கி 'இப்ப' வரை வந்து தொடும் கோடு. 'ஃப்ரொம் ரைம் ரு ரைம்' பொட்டு வரிசை. வினை எது என்பதைக் கோட்டின் கீழே எழுதவேண்டும். 40 நிமிடப் பாடவேளைக்கு நான்கு தொடருக்கு மேல் கொடுக்கக்கூடாது. அதற்கு மேல் போனால் ஒன்றின் வினை மற்றொன்றுக்கு ஒட்டிக்கொள்ளும். 'வைல்' தொடர்களை ஒரே நாளில் சேர்த்துக் கொடுப்பதும் இதே காரணத்தால் பிழைக்கிறது. உருவம் ஒன்றுபோல இருப்பவற்றைப் பிரித்து, திசை ஒன்றாக இருப்பவற்றைச் சேர்த்துக் கொடுங்கள்: 'எ வைல் ஏகோ', 'த அதர் டே' இரண்டும் ஒருநாள், 'இன் எ வைல்', 'வன் ஒஃப் தீஸ் டேஸ்' இரண்டும் இன்னொரு நாள்.

அப்பியாசத்துக்குப் பிள்ளைகள் வீட்டில் கதைக்கும் தமிழ் வசனங்களையே எடுக்கலாம். 'கனநாளாய்க் காணேல்லை', 'பேந்து பாப்பம்', 'இடைக்கிடை வந்துபோறவர்' என்று பத்து வசனம் கொப்பியில் எழுதுவித்து, ஒவ்வொன்றுக்கும் முதலில் பொட்டா கோடா என்று கீறவைத்து, பிறகு ஆங்கிலத்துக்குப் போகவேண்டும். கீறாமல் நேரே மொழிபெயர்க்க விட்டால் 'பிஃபோர் ரூ வீக்ஸ்' திரும்பவும் வந்துவிடும்.

உங்கள் பத்திரிகையில் மாணவர்களுக்கென ஒரு மூலை ஒதுக்கமுடியுமானால், இந்தக் கோட்டுப் படத்தோடு கிழமைக்கு நான்கு தொடர் வீதம் எழுதித் தர நாங்கள் ஆயத்தம். முதற் கிழமைக்கு 'ஏகோ', 'இன்', 'ஃபோர்', 'சின்ஸ்' ஆகிய நான்கையும் எடுத்துக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.